கல்லுக்கு மேல் தண்ணீர்

சென்ற வாரம் மாரண்டஹள்ளியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ரோட்டோர மைல்கல்லுக்கு ஒருவர் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன், பஸ் போய்விட்டது. பரவாயில்லை, எனக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் கிடையாது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஒரு ஜோடி செருப்பு தேயும்வரை எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஓட்டல், செங்கல் சூளை, லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு இருபத்திரண்டு வயதில் சர்வே கூலியானேன். டவுன் பெருத்துக்கொண்டே போனது. அதன் குடிதண்ணீருக்காக, யானை நடமாடும் ஒரு பள்ளத்தாக்கை அணை கட்டி அடைக்கத் திட்டம். ஓடைக்கரையில் பதினைந்து வீடுகள். சர்வேயர் கருவியில் பார்த்துக் கை காட்டுவார். தண்ணீர் ஏறி நிற்கப்போகும் மட்டத்தில் நான் கல் நட்டு வெள்ளை அடிப்பேன்.

மேட்டில் இருந்த கடைசி வீடு மாதனுடையது. கல் அதற்கும் பத்தடி மேலே விழுந்தது. தினமும் எனக்குக் களி போட்ட வீடு. ஒரு மதியம் சர்வேயர் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தபோது மாதன் வந்து பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, இந்தக் கல்லுக்கு மேல தண்ணி வராதுன்னு உங்க ஆபீசர் சொன்னாரில்ல?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப வூட்டுக்குக் கீழ நட்டுரு தம்பி. பத்தடிதானே. கவருமெண்டு கல்லு, பேச்சு மாறாது."

சிரிக்காதீர்கள். ஊர் எல்லையில் சாமியாக நிற்கும் வேடியப்பன் கல்லைத் தாண்டி உள்ளே நோய் வராது என்று நம்பி வளர்ந்தவர் அவர். நானும்தான். பிடுங்கிக் கீழே நட்டேன். அவர் மனைவி அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்.

மறு மாதம் மாற்று மனைக்குப் பெயர் எழுத வந்தவர்கள், கல்லுக்குக் கீழே இருந்த பதினான்கு வீடுகளை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். மாதன் என் முதுகில் ஓர் அடி வைத்தார். "பாத்தியாடா, நம்மள உட்டுட்டானுங்க!"

அணை எழும்பியது. நானும் அங்கேயே ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு ஒட்டியிருந்தேன். முதல் பெருமழையில் தண்ணீர் கல்லை மூழ்கடித்து மேலே ஏறியது. மாதன் ஈரத்துணியோடு ஆபீசுக்கு ஓடிவந்தார். இன்ஜினியர் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"கல்லு உன் வூட்டுக்கு மேலன்னு எழுதியிருக்கு. கீழ எப்படி வந்துச்சு? அதுவா நடந்து வந்துச்சா? யாருய்யா புடுங்குனது?"

மாதன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும் என்ற பயம்.

"நான்தானுங்க," என்றார் மாதன்.

"கவருமெண்டு கல்லப் புடுங்குனவனுக்கு மனை வேறயா? கேஸ் போடாம உடறேன், கெளம்பு."

தண்ணீர் மூன்று நாள் மெல்லத்தான் ஏறியது. அம்மிக்கல்லைக்கூட எடுத்து வைக்க நேரம் இருந்தது. எங்கே எடுத்துப்போவது?

மற்ற பதினான்கு குடும்பங்களும் இப்போது டவுன் ஓரத்தில் ஒரே தெருவில் இருக்கின்றன. போய் மாதனைப் பற்றிக் கேட்டேன். கர்நாடகா பக்கம் கூலிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் கையை விரித்தார். பள்ளத்தாக்கும் ஓடையும் போனதைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நான் தேடுவது ஓர் ஆளை. எங்கள் பக்கத்தில் மாதன் என்பது சாதாரணப் பெயர். சந்தையில், பஸ்ஸில் யாராவது "மாதா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் வேறு மாதன்தான்.