ஆட்டத்தில் சொன்ன பேச்சு

யிர்தாவ் ஒரு பேச்சைப் பதினாறு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கென்னா என்ற கிறிஸ்து பிறப்புப் பண்டிகையன்று பிற்பகல், நுனி வளைந்த கோலைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளிக்கு நடந்தபோது, இன்றைக்கு விட்டால் இனிமேல் தன்னால் சொல்லவே முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்படி ஒன்றும் பெரிய பேச்சு இல்லை. 'என் பொண்ணை வீட்டுக்கு அனுப்புங்க, ஐயா' என்பதுதான். சொல்ல வேண்டிய ஆள் தெஸ்ஸேமா. அதுதான் சிக்கல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் யிர்தாவின் உழவு மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் நோய் கண்டு செத்தன. எங்கள் மேட்டுப் பகுதியில் மாடில்லாத உழவன் பாதி மனிதன். யிர்தாவ் வாய் திறந்து கேட்கும் முன்பே தெஸ்ஸேமா தன் தொழுவத்திலிருந்து ஒரு ஜோடியை அவிழ்த்துக் கொடுத்தார். விளைச்சலில் பாதி அவருக்கு. ஊரில் இன்னும் மூன்று குடும்பங்கள் அவர் மாட்டைக் கட்டித்தான் உழுகின்றன. மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் யிர்தாவ் எப்போதோ சண்டை போட்டிருப்பான்.

அடுத்த அறுவடை முடிந்து மழைக்காலமும் கழிந்த சமயத்தில், அவர் மனைவி படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். தெஸ்ஸேமா வந்து, "ஒரு மாசத்துக்கு உன் பொண்ணை அனுப்பு, யிர்தாவ். இஞ்செரா ரொட்டி சுட, காபி வறுக்க ஒரு ஆள் வேணும்" என்றார். மகள் பான்ச்சி அப்போதுதான் எட்டாம் வகுப்புத் தேர்வில் அந்த வட்டாரத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. ஒரு மாதம்தானே என்று அனுப்பினான். கால் கூடிவிட்டது. அந்த அம்மாள் சந்தைக்கு நடந்து போய் நடந்து வருகிறாள். பான்ச்சி மட்டும் அங்கேயே இருந்தாள்.

இரண்டு தடவை கேட்கப் போனான். ஒரு தடவை மாட்டின் குளம்பைப் பற்றிப் பேசிவிட்டு வந்தான். இன்னொரு தடவை மழையைப் பற்றி. ஊமை யிர்தாவ் என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்ததில் தப்பே இல்லை. தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்: இதுவரை எப்படியோ இடத்தை வைத்திருந்தேன், இரண்டாம் அரையாண்டு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் பெண் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம், பிறகு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் கென்னா. பண்டிகையன்று கோலால் மரப்பந்தை அடித்து ஆடும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். அந்த ஆட்டம் முடியும்வரை புல்வெளியில் எசமான் என்று யாரும் கிடையாது. கோலால் காலை உடைத்தாலும் சரி, வாயால் மானத்தை வாங்கினாலும் சரி, எவ்வளவு பெரிய மனிதரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவரை அடுத்த கென்னா வரைக்கும் ஊர் சும்மா விடாது.

காலையில் மனைவி ஷிதாயே அவன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். "ஆட்டத்துல சொல்லு, நான் வேண்டாங்கல. ஆனா வெளிய வந்து அதே வாயால சொல்லிடாத. மாட்டை அவுத்துக்கிட்டாருன்னா, மிச்சம் இருக்கற மூணு புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவ?"

புல்வெளியில் மேலூரும் கீழூரும் திரண்டிருந்தன. நாற்பத்து மூன்று நாள் விரதம் முடிந்து கறியும் வீட்டில் காய்ச்சிய தெல்லா பீரும் வயிற்றுக்குள் போனதால் எல்லோருக்கும் துள்ளல். யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு முக்காலியில் வெளியூர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் மொரா. கென்யாக்காரி. தெஸ்ஸேமாவின் மகன் சுராஃபேல் நைரோபியில் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவளும் இருக்கிறாள். பண்டிகை பார்க்க அவனோடு வந்திருந்தாள். கோலைப் பார்த்ததும் சுராஃபேல் விருந்தாளியை மறந்து களத்துக்குள் ஓடிவிட்டான். அவளுக்கு ஆட்டத்தை விளக்கிச் சொல்ல, கொஞ்சமாவது ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனான். அது பான்ச்சி.

யிர்தாவ் கீழூர்ப் பக்கம். தெஸ்ஸேமா மேலூர்ப் பக்கம். அறுபது வயதிலும் மனிதர் வெள்ளைப் போர்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மரப்பந்து உருண்டதும் நூறு கோல்கள் ஒன்றோடு ஒன்று மோதின. யார் எந்தப் பக்கம் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாதபோது, பார்க்க வந்தவளுக்கு என்ன தெரியும்? முதல் கால்மணி நேரத்திலேயே சுராஃபேலின் முழங்காலில் ஓர் அடி விழுந்து அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மொரா எழுந்து நின்றுவிட்டாள். பான்ச்சி அவள் கையைப் பிடித்து உட்காரவைப்பதை யிர்தாவ் களத்திலிருந்து பார்த்தான்.

அவன் பக்கத்து ஆள் வுப்ஷெத் வாயாடி. பந்தை விட்டுவிட்டுத் தெஸ்ஸேமாவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஐயா, உங்க காலு என்ன, கோயில் தூணா? நட்ட எடத்துலயே நிக்குது?"

"உன் வாய் ஓடற வேகத்துல உன் காலு ஓடினா, நீ எப்பவோ ஜெயிச்சிருப்படா."

"ஓடறதுக்கு வயித்துல எடம் வேணுமே. எல்லாத்தையும் உங்க குதிருக்குள்ள போட்டுட்டீங்க."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. தெஸ்ஸேமாவும் சிரித்தார். மரத்தடியில் பான்ச்சியின் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு பேச்சையும் அவள் மொராவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். யிர்தாவ் அதைப் பார்த்தான். நான் பேசினால் அதையும் இவள் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தான்.

பந்து மரத்தடிப் பக்கம் உருண்டு வந்தபோது அவன் முதலில் போய்ச் சேர்ந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து தெஸ்ஸேமா வந்தார். இரண்டு கோல்களும் பந்தின் மேல் பின்னிக்கொண்டன. மூக்கோடு மூக்கு இடிக்கும் தூரம். அவர் மூச்சில் தெல்லா வாடை அடித்தது.

"ஐயா," என்றான் யிர்தாவ். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "ஒரு மாசம்னு சொல்லி என் பொண்ணக் கூட்டிட்டுப் போனீங்களே. உங்க வீட்ல மாசத்துக்கு எத்தனை நாளுங்க?"

ஊமை பேசிவிட்டான். புல்வெளியே வெடித்துச் சிரித்தது.

"உங்க வீட்டம்மாவுக்குக் கால் கூடியாச்சு. சந்தைக்குப் போய் என்னைவிட வேகமா வர்றாங்க. பதினாறு மாசம் ஆச்சு ஐயா. என் பொண்ணு பள்ளிக்கூடம் போகணும். அனுப்புங்க."

தெஸ்ஸேமா தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பந்தை அடிடா ஊமை," என்று சொல்லி, தன் கோலை உருவிக்கொண்டு அவரே பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்.

அவ்வளவுதான். யிர்தாவ் நின்ற இடத்திலேயே நின்றான். பதினாறு மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு, வுப்ஷெத்தின் தூண் வேடிக்கையோடு சேர்ந்து புல்லில் கிடந்தது. இந்த ஆட்டத்தின் இன்னொரு பக்கத்தை அவன் யோசித்தே பார்க்கவில்லை. இங்கே சொன்னதற்குக் கோபமும் இல்லை, பதிலும் இல்லை. அவன் மரத்தடியைப் பார்த்தான். பான்ச்சி மொராவிடம் ஏதோ சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழூர்தான் ஜெயித்தது. வழக்கப்படி ஜெயித்தவர்கள் பாடிக்கொண்டே தோற்றவர் வீடுகளுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். முதல் வீடு தெஸ்ஸேமாவுடையது. கோல்களை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். ஷிதாயேயும் பெண்களோடு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். தெஸ்ஸேமா யிர்தாவைக் கட்டிப்பிடித்து, "நல்லாப் பேசினடா. இன்னும் வயிறு வலிக்குது எனக்கு" என்றார். அந்த அணைப்பில் துளி வஞ்சம் இல்லை. அதனாலேயே யிர்தாவுக்கு அழுகை வந்தது.

கோழிக் குழம்பும் இஞ்செராவும் பெரிய தட்டுகளில் வந்தன. சுராஃபேல் முழங்கால் வீங்கி உள்ளறையில் படுத்திருந்தான். பான்ச்சி காபி வறுத்து முடித்து, மூலையில் கரியடுப்பின் முன்னால் உட்கார்ந்து முதல் சுற்றை ஊற்றிக்கொண்டிருந்தாள். தெஸ்ஸேமா எங்கள் ஊர் மரியாதைப்படி விருந்தாளிக்குத் தன் கையாலேயே ஒரு வாய் ஊட்டிவிட்டு, பான்ச்சியைப் பார்த்து, "நம்ம ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு கேளு" என்றார்.

பான்ச்சி கேட்டாள். மொரா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி ஏதோ சொன்னாள். பிறகு கையை யிர்தாவின் பக்கம் நீட்டி இன்னும் கொஞ்சம் சொன்னாள். முகத்தில் கள்ளம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். பான்ச்சியின் கையில் இருந்த காபிக் குடுவை அந்தரத்தில் நின்றது.

"என்ன சொல்றா?" என்றார் தெஸ்ஸேமா.

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம்."

"அதுக்கு அப்புறமும் ஏதோ சொன்னாளே?"

பான்ச்சி குடுவையைக் கரியடுப்பின் மேல் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்ட அவனுக்கு நேரம் இருந்தது. அவன் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று பின்னால் ஷிதாயே எத்தனையோ தடவை கேட்டாள். அவனுக்கே தெரியாது.

"அந்த ஆளு தன் பொண்ணைக் கேட்டாரே, நீங்க சிரிச்சீங்களே, உங்க ஊர்ல சிரிச்சா சரின்னு அர்த்தமான்னு கேக்கறாங்க," என்றாள் பான்ச்சி. "அந்தப் பொண்ணு எப்பப் பள்ளிக்கூடம் போகுதுன்னு கேக்கறாங்க."

அந்தப் பொண்ணு தன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது மொராவுக்குத் தெரியாது. பான்ச்சி அதைச் சொல்லியிருக்கவில்லை. தட்டைச் சுற்றி இருந்த கைகள் எல்லாம் நின்றன. ஆட்டத்துப் பேச்சை வீட்டுக்குள் எடுத்துவரக் கூடாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். விருந்தாளிக்குத் தெரியாது. விருந்தாளியை அதட்டவும் முடியாது.

தெஸ்ஸேமா முதலில் பான்ச்சியைப் பார்த்தார். பிறகு மெதுவாக யிர்தாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி இருந்தது.

"விளையாட்டுல சொன்னது விளையாட்டோட போச்சுன்னு அவளுக்கு எடுத்துச் சொல்லணும். அப்படித்தான யிர்தாவ்?"

கெட்டவர் இல்லை என்றேனே. அப்போதும் அவர் ஒரு வழி விட்டார். ஆமாங்க ஐயா என்று இரண்டு வார்த்தை. மாடு தொழுவத்தில் நிற்கும், குதிரில் தானியம் இருக்கும், மூன்று பிள்ளைகள் சாப்பிடும். கதவோரத்திலிருந்து ஷிதாயே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு 'ஆமா' என்று அசைவது அவனுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டால், பான்ச்சியைப் பற்றி இனி ஜென்மத்துக்கும் பேச முடியாது என்பதும் தெரிந்தது. அவன் எழுந்து நின்றான்.

"இல்லைங்க ஐயா."

அந்த மனிதரிடம் அவன் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆட்டத்துல சொன்னதுக்கு நீங்க கோவிச்சுக்கக் கூடாது. இப்பச் சொல்றேன், இதுக்கு நீங்க கோவிச்சுக்கலாம். என் பொண்ண அனுப்புங்க."

யாரோ ஒரு கிழவர் இருமினார். கரியடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அதை எடுக்க யாரும் போகவில்லை. தெஸ்ஸேமா விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான்கு குடும்பங்கள் அவர் மாட்டால் உழுகின்றன. நால்வரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு இவன் கேட்டால் நாளைக்கு இன்னொருத்தன் கேட்பான். அவர் கணக்கும் அவருக்கு இருந்தது.

"கோவிச்சுக்கறேன்," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணக் கூட்டிட்டுப் போ. மாட்டை நாளைக்குக் காலையில கொண்டாந்து கட்டிடு."

கதவோரத்தில் ஷிதாயே போர்வை நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். மொரா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் பான்ச்சியின் தோளைத் தொட்டு ஏதோ கேட்டாள். பான்ச்சி ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அந்தச் சொல் யிர்தாவுக்கும் தெரியும், சரி என்பதற்கு வெள்ளைக்காரன் சொல். மொரா சந்தோஷமாகக் கைதட்டினாள். கூட யாரும் தட்டவில்லை.

பான்ச்சி இடுப்பில் செருகியிருந்த கரித்துணியை அவிழ்த்து மடித்து அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். எழுந்து அறையைக் கடந்து வந்தாள். ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தட்டின் முன்னால் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவன் உட்கார்ந்து இடம் விட்டான். அந்த வீட்டில் அத்தனை மாதமும் எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் சாப்பிட்டவள், தட்டின் நடுவிலிருந்து கோழித் துண்டை எடுத்து இஞ்செராவில் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். நாளைக்குக் காலையில் மாட்டை எந்த வழியாக ஓட்டி வந்தால் ஊர் பார்க்காது என்று யிர்தாவ் யோசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவன் பங்கையும் பான்ச்சியே சாப்பிட்டாள்.