பிரதிவாதி என் கணவர்

பட்டப்பகலில், பீங்கான் கம்பெனி வாசலில், இருபது பேர் பார்க்க என் கணவர் என்னைத் தரையில் தள்ளி மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். நான் அங்கே ஃபியூஸ் கட்டைகளுக்கு ஓரம் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலையில் இருந்தேன். அவர் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற நேரம் பார்த்து, சூளையில் விரிசல் விட்ட சரக்கை ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து குப்பையில் கொட்டினார்கள். அந்தச் சத்தம்தான். இரண்டு கைகளாலும் என் தலையை மூடிக்கொண்டு, "எழுந்திரிக்காத, எழுந்திரிக்காத" என்று காதுக்குள் சொன்னார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து, சட்டையில் ஒட்டிய களிமண்ணைத் தட்டிவிட்டு, டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார். சிரித்தவர்களோடு நான் ஒரு வாரம் பேசவில்லை.

பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். கடைசியில் காஷ்மீர். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் பென்ஷனோடு விருத்தாசலம் வந்து சேர்ந்தார். வந்தது முதலே ஆள் சரியில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ஜங்ஷனுக்குப் போய் ஏதாவது ஒரு ரயிலில் ஏறிவிடுவார். திருச்சி, மதுரை என்று போய், அங்கிருந்து அடுத்த ரயிலில் திரும்பி, வெடியெல்லாம் ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வருவார். ஓடுகிற ரயிலுக்குள் வெடிச் சத்தம் கேட்காதாம். பண்டிகை நாளில் நானும் மகளும் அதிரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கம்பெனி வாசலில் நடந்ததற்குப் பிறகு டாக்டரிடம் போகலாம் என்று ஆரம்பித்தேன். ஜுரமா, தலைவலியா, எதற்கு டாக்டர் என்றார். உண்மைக் காரணம் வேறு. அவர் ஒரு பேங்கில் துப்பாக்கியோடு காவல் நின்றார். மனநல டாக்டரைப் பார்த்தார் என்று தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், வேலையும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவருடைய அக்காவோ, வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அப்பனுக்கு மென்டல் என்று பட்டம் கட்டப் பார்க்கிறேன் என என்மேல் பாய்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் எவரும் தெருமுனையோடு திரும்பிவிடுவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பயம் எனக்கும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மணவாளநல்லூர் முருகன் கோயிலில் பிராது கட்டச் சொன்னதும் அந்த அக்காதான். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் தெரியாதவர் கிடையாது. களவு, துரோகம், தீராத நோய் என எதுவானாலும் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதி, சந்நிதியில் வைத்து வாங்கி, முனியப்பர் முன்னால் நிற்கிற வேலில் கட்டுவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லும். காரியம் முடிந்ததும் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்கவேண்டும். வாதி யார், பிரதிவாதி யார் என்று கோர்ட்டு மாதிரியே எழுதவேண்டும்.

டாக்டருக்கு மசியாத மனிதர் இதற்கு உடனே கிளம்பினார். மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதினார். சூடம் வாங்கப் போனவர் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். ராணுவத்தில் ரிப்போர்ட் எழுதுகிற தோரணையில் இருந்தது. காஷ்மீரில் ஒருநாள் காவல் முறை அவருடையது. காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாகப் போன நண்பன் திரும்பவில்லை. பிரதிவாதி என்ற இடத்தில் தன் பெயரையும் ராணுவ நம்பரையும் எழுதியிருந்தார். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது அன்றுதான் தெரிந்தது. நான் அழுதேன். அவர் வருவதற்குள் துடைத்துக்கொண்டு, தாளைச் சுருட்டி நூலைச் சுற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் தப்பு செய்தேன். சாமியிடம் கேஸ் நடக்கும்போது டாக்டர், ஆஸ்பத்திரி என்று வேறு இடத்துக்குப் போவது சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்றார். வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த மூன்றாவது மாதத்தில் ஒருநாள், நாற்காலியில் கண் அசந்திருந்தவரை மகள் டீ கொடுக்கத் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவள் கையை அவர் முறுக்கிய முறுக்கில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. யார் என்று தெரிந்ததும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவரைத்தான் சமாதானப்படுத்தினாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினேன். வாதி: நான். பிரதிவாதி: என் கணவர். குற்றம்: டாக்டரிடம் வர மறுப்பது. நாலே வரி எழுதி, இறுக்கிக் கட்டிவிட்டு வந்து அவரிடம் சொன்னேன்.

"சாமிகிட்ட உங்க மேல கேசு போட்டுட்டேங்க. இப்ப டாக்டர்கிட்ட வராட்டிதான் குத்தம்."

கட்டின புருஷன்மேலேயே பிராதா என்று கத்தினார். அவர் அக்கா வந்து தன் பங்குக்குக் கத்தினார். நான் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். கையில் மடித்த காக்கிச் சட்டை இருந்தது.

"யாராச்சும் புடுங்கறதுக்கு முன்னாடி நானே துப்பாக்கிய ஒப்படைச்சிட்டேன். எப்ப போவணும், சொல்லு."

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் எங்கள் மகளைவிட எட்டுப் பத்து வயது மூத்த பெண். தூக்கம் வருகிறதா, கோபம் வருகிறதா, சத்தம் கேட்டால் என்ன ஆகிறது என்று பொறுமையாகக் கேட்டார். இவர் விறைப்பாக உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் மேடம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் சொன்னார். துப்பாக்கியை விட்டு, பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்து இதற்கா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்போதுதான் மண்டபத்துத் தூண் ஞாபகம் வந்தது.

"இவுரு வாயால சொல்லமாட்டாரும்மா. ஒரு வெள்ளத்தாளு குடுங்க, எழுதுவாரு."

தாளைப் பார்த்ததும் அவர் தோள் இறங்கியது. அதே ரிப்போர்ட்டை முதலிலிருந்து எழுதினார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கிற வரை எழுதினார். டாக்டர் முழுதும் படித்துவிட்டு, இது ஒரு நோய், பேர் உண்டு, போரிலிருந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேருக்கு வருவதுதான் என்றார். தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த மனிதர் அன்றைக்கு பஸ்ஸில் கடலூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு மாதம் ஒரு தடவை புதுச்சேரி. மாத்திரை, பேச்சு, சில மாதம் முன்னேற்றம், சில மாதம் பழைய கதை. பெண்ணாடத்தில் ஒரு குடோனுக்குக் கையில் தடியோடு காவல் போகிறார். சம்பளம் குறைவு. போன வருஷம் தீபாவளிக்கு ரயிலேறவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, உள் அறையில் உட்கார்ந்து, நான் சுட்ட அதிரசத்தைச் சாப்பிட்டார்.

அதற்கு மறுவாரம், சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அதான் டாக்டர்கிட்ட வந்துட்டன்ல. எம்மேல போட்ட பிராத வாபஸ் வாங்கேன்."

"உங்க மேல நீங்க போட்டீங்களே, அத மொதல்ல வாங்குங்க. அன்னிக்கே நானும் வாங்கறேன்."

சிரிப்பு நின்றது. தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, அதற்கு இன்னும் நாளாகும் என்றார்.

ஆகட்டும். என் பிராதும் வேலிலேயே இருக்கட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை புதுச்சேரிக்குப் போகவேண்டும். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன்.