ஜெனியின் குப்பைமேனித் தொட்டியும் நான் வெட்டிய படமும்

மூத்த பேரன் போலீஸ் தேர்வில் பாஸ். அடுத்தவன் படகு இன்ஜினையே பிரித்து மாட்டுவான். பேத்தி ஜெனி ஏழாம் வகுப்பில் முதல் மார்க். அவள் வீட்டுத் தொட்டியில் குப்பைமேனி வளர்த்து, அது எதற்கு மருந்து என்று அட்டை எழுதிப் பக்கத்தில் வைத்து நின்ற படத்தைத்தான் போன வாரம் இங்கே போட்டேன்.

இன்று எங்கள் ஊர் டச்சுக் கல்லறை அருகே ஷேர் ஆட்டோவில் ஏறினால், பசியாவரத்துக் கன்னியம்மா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அந்தக் கை பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"இன்னாடி கையி?"

"கெளுத்தி முள்ளு குத்திச்சிக்கா. உன் பேத்தி படத்துல 'கைக்கு மருந்து'ன்னு இருந்திச்சே. மூணு நாளா அந்த எலயத்தான் அரைச்சிக் கட்னேன். இப்ப வெரலு மடங்கல."

ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். டாக்டர் திட்டினார். விரல் தப்புமா என்று நாளைக்குத்தான் சொல்வாராம்.

வீட்டில் சொன்னதும் ஜெனி அழுதாள்.

"கீழ 'உப்புத்தண்ணி அரிப்புக்கு மட்டும்'னு எழுதியிருந்தேனே ஆயா! என் மூஞ்சி பெருசா தெரியணும்னு நீதான வெட்டிட்ட?"

ஆமாம், நான்தான் வெட்டினேன்.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். எடுத்ததும் கீழே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஜெனி, அட்டை முழுவதும் தெரிகிற மாதிரி புதுப் படம் எடும்மா. என்னிடம் கொடுக்காதே, நீயே போடு.