மாப்பிள்ளையின் நகங்கள்

அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. நான் திரும்பி வந்து சொன்ன விவரங்களைக் கேட்டு அப்பா தரகருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கக் கிளம்பினார் என்றால், அந்தப் பொறுப்பை நான் எவ்வளவு சிரத்தையாக ஏற்றுக்கொண்டிருந்தேன் என்பது விளங்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. தோட்டத்து வீட்டை விட்டு லூனாஸில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானுக்கு நாங்கள் குடிவந்தபோது அவளும் எங்களோடு வந்துவிட்டாள். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, சின்னச் சின்னச் சில்லுகளைக் கண்ணாடி வழியே பார்க்கிற வேலை. அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கள் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, அம்மா செய்த கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "போயி சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பியவர்கள் குறைவு. சொன்னவர்களும் பெண் கொஞ்சம் உயரம் என்றார்கள், ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பெண் ஒத்துவராது என்றார்கள்.

கடைசியாக வந்தவர்கள் போன பிறகு அத்தை பலகாரத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "இனிமே நான் தட்டுத் தூக்க மாட்டேன்ண்ணே. பாக்கணும்னு நெனக்கிறவரு வெளிய எங்கயாச்சும் பாக்கட்டும். நானும் அவரைப் பாக்கணும்ல" என்றாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பாடாங் மேஹா பக்கத்துப் பையன் ஒருவரின் சங்கதி வந்தது. சுங்கை பட்டாணியில் காடி சாமான் கடையில், கார் உதிரிபாகம் விற்கிற வேலை பார்ப்பவர். வெளியே பார்ப்பதற்கு அவரும் சம்மதித்தார். அவருடைய தவுக்கே, அந்தக் கடை முதலாளியின் மகள் கித்தார் படிக்கிறாளாம். ஐரோப்பாவிலிருந்து பெரிய கித்தார் கலைஞர் ஒருவர் வந்து சுங்கை பட்டாணியில் ஒரு மண்டபத்தில் தனியாக வாசிக்கப் போகிறாராம். தவுக்கே மூன்று டிக்கெட் கொடுத்திருக்கிறார். நாலு பேர் இருக்கிற இடம், யாரும் தப்பாகப் பேச முடியாது.

கித்தார் என்றதும் அப்பா சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துக்கொண்டு சரி என்றார். மூன்றாவது டிக்கெட் எனக்கு.

இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தவை. அன்றைக்கு என்னிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. அம்மா எனக்குத் தலை பின்னிவிடும்போது சொன்னது இவ்வளவுதான்: "அத்தைக்கு மாப்பிள்ளை பாக்கப் போற. அத்தைய ஒட்டியே இரு. அவரு எப்படி இருக்காரு, எப்படி நடந்துக்கிறாருன்னு நல்லாப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும். உங்கத்தை வாயத் தொறக்க மாட்டா."

அப்பா எங்களை மண்டப வாசலில் இறக்கிவிட்டுக் கூட்டாளி வீட்டுக்குப் போனார். காடியிலிருந்து இறங்கியதுமே எனக்கு மாப்பிள்ளையைத் தெரிந்துவிட்டது. வாசலில் ஆள் உயரத்துக்கு அவர் படம் வைத்திருந்தார்கள், கல்யாண மண்டபங்களில் வைப்பார்களே, அதே மாதிரி. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தார். இரண்டு பக்கமும் பூ வளையங்கள், அவற்றில் சிவப்பு ரிப்பனில் சீன எழுத்து. பொண்ணு படம் மட்டும் இல்லை. அத்தை இன்னும் சம்மதம் சொல்லவில்லையே, அதனால்தான் வைக்கவில்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

வாசலில் ஒருவர் கையில் டிக்கெட்டோடு நின்றிருந்தார். சட்டையில் இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது. "வாங்க" என்று அத்தையிடம் சொன்னார். என்னிடம் குனிந்து, "பசியாறிட்டியா பாப்பா?" என்று கேட்டார். எங்களைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டினார். டிக்கெட் வாங்குகிற ஆள் என்று நினைத்தேன். அவர் எங்களோடேயே உட்கார்ந்தது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அத்தை என்னை நடுவில் தள்ளிவிட்டாள்.

விளக்குகள் அணைந்தன. மேடையில் ஒரு நாற்காலி, அதன் முன்னால் சாண் உயரத்தில் ஒரு குட்டி ஸ்டூல், அவ்வளவுதான். படத்தில் இருந்தவர் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அத்தையும் தட்டினாள். படத்தில் கறுப்பாக இருந்த முடி நேரில் நரைத்திருந்தது. வணங்கினார், உட்கார்ந்தார், இடது காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அம்மா சொன்னபடி பார்க்கத் தொடங்கினேன். வலது கையில் மட்டும் நகம் நீளமாக இருந்தது. பளபளவென்று விளக்கில் மின்னியது. வெள்ளிக்கிழமை தவறாமல் என் நகத்தை ஒட்ட வெட்டிவிடுகிற அம்மா இதற்கு என்ன சொல்வாள் என்று யோசித்தேன். பாட்டு என்று எதுவும் வரவில்லை. யாரும் பாடவில்லை, மைக் இல்லை, மத்தளம் இல்லை. சத்தம் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் மண்டபம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு இடத்தில் வாசிப்பு நின்றது. டிக்கெட்காரர் பலமாகக் கைதட்டினார். அவரோடு நானும் தட்டினேன். மற்ற யாரும் தட்டவில்லை. முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அது முடிவில்லையாம், நடுவாம். டிக்கெட்காரர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பிறகு டிக்கெட்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஏர்கோன் குளிர் எலும்பில் இறங்கியது, அதனால் இருக்கலாம். அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டியது. அத்தை கைப்பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து என் மடி வழியாக நீட்டினாள். அவர் வாங்கித் தாளைப் பிரித்தார். அந்த அமைதியில் தாள் சரசரத்தது பெரிய சத்தமாகக் கேட்டது. முன்வரிசை அம்மாள் மறுபடி திரும்பினாள். அவர் மிட்டாயை அப்படியே கைக்குள் மூடிக்கொண்டார். அந்த உருப்படி முடிந்து கைதட்டல் எழுந்ததும் குனிந்தபடியே எழுந்து வெளியே போய்விட்டார்.

திரும்பி வரவில்லை.

அத்தை கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தாள். "அந்த அங்கிள் எங்க?" என்று என் காதில் கேட்டாள்.

"போயிட்டாரு" என்றேன். காலியான இடத்தில் என் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டேன். இடைவேளை இல்லாத நிகழ்ச்சி. உருப்படிக்கு மேல் உருப்படியாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தை கதவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசியாக அவர் வாசித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே தந்தியை நிற்காமல் மீட்டினார். கீழே வேறொரு பாட்டு மெதுவாக நடந்துபோனது. ஒரே ஆளால் அப்படி வாசிக்க முடியாது, திரைக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அத்தையிடம் சொல்லத் திரும்பினேன். அத்தை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, புதுச் சேலை மேல் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். நாங்கள் வெளியே வந்தபோது டிக்கெட்காரர் கதவை ஒட்டினாற்போல நின்றிருந்தார்.

"மறுபடியும் உள்ள விட மாட்டேன்னுட்டாங்க" என்றார். "விட்டாலும் இருமித் தொலச்சிருப்பேன். கதவு சந்து வழியா கேட்டுச்சு லா. கடைசில வாசிச்சது நல்லா இருந்துச்சு."

"போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அத்தை.

"எப்படிப் போறது? உங்க அண்ணன் வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் என் பொறுப்பில்ல?"

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவர் கையைத் திறந்தார். மிட்டாய் தாளோடு சேர்ந்து இளகிப்போயிருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் முழிக்க, அத்தை சிரித்துவிட்டாள். இந்த நேரத்தில் மாப்பிள்ளையே முன்கூடத்துக்கு வந்துவிட்டார். சனங்கள் கையெழுத்து வாங்க அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "அத்தை, அவரு வந்துட்டாரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அத்தை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாவம், வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எப்படி இருந்தாரு?"

"வயசாயிருச்சும்மா. முடியெல்லாம் வெள்ளை."

அம்மா வாசல்படியில் நின்ற அத்தையைப் பார்த்தாள். அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வலது கையில மட்டும் நகம் இவ்ளோ நீட்டு. ஏதோ பூசியிருக்காரு. உக்காந்ததும் கால ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்கிட்டாரு."

"பெரியவங்க முன்னாடியா?" அப்பா கூடத்திலிருந்து கேட்டார்.

"எல்லாரு முன்னாடியும். கடைசி வரைக்கும் எறக்கல. யாருகிட்டயும் பேசவும் இல்ல."

அப்பா எழுந்து போனைத் தேடினார். "அந்தத் தரகன் எங்கிட்ட என்ன சொன்னான், இங்க என்ன நடக்குது" என்று முனகிக்கொண்டே எண்ணை அழுத்தினார்.

"அவருக்குத் தமிழ் தெரியாதுப்பா" என்று சமாதானமாகச் சொன்னேன். "வெள்ளக்காரருல்ல."

அத்தை வாசல்படியிலேயே சரிந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தாள். அம்மாவுக்கு விளங்கியது, பிறகு அப்பாவுக்கு. போனில் தரகர் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதை அணைத்துவிட்டு, "அப்ப மாப்பிள்ளை எங்க?" என்றார்.

"வெளிய நின்னு இருமிக்கிட்டு இருந்தாரு" என்றாள் அத்தை.

"சரி. நீ என்ன சொல்ற?"

அத்தை சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். "அவங்க வீட்ல பேசுண்ணே" என்றாள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன தப்பு நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் பார்த்ததைத்தானே சொன்னேன். "அப்ப ஏன் அத்தை அவரப் பாத்து அழுதீங்க?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்ப அழுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அந்த டிக்கெட் அங்கிள் போனப்புறம். பாட்டு முடியிற வரைக்கும்."

காடியைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அப்பா வெளியே போனார். நெடுநேரம் வரவில்லை. அம்மா போய் அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "ஏர்கோன் குளிரு அண்ணி, கண்ணு எரிஞ்சுச்சு" என்றாள் அத்தை. அம்மா "ம்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதது ஒருவரைப் பார்த்து, சம்மதம் சொன்னது இன்னொருவருக்கு. அன்றைக்கும் அதற்குப் பிறகு பல நாளும் நான் வருத்தப்பட்டதெல்லாம் அந்த வெள்ளைக்காரருக்காகத்தான். அவ்வளவு தூரத்திலிருந்து விமானத்தில் வந்து, அவ்வளவு நன்றாக வாசித்தும், பெண் கிடைக்காமல் கித்தாரை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறாரே என்று இருந்தது.