துளைபோடும் மெசினுக்கு இரண்டு மேசைகள்

அப்பா துளைபோடும் மெசினை வீட்டுக்குக் கொண்டுவந்தது எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம். கண்டி நகரில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது விட்டுப்போன சாமான் அது. ஹந்தானைக்கு ஏறும் வீதியில், எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் அதை நிறுத்தினார். மெசின் திறம்; அதனோடு வந்த மேசைதான் சரியில்லை. தோசைக்கல் அளவில் ஒரு வட்ட இரும்பு. பலகையை வைத்தால் ஒரு பக்கம் தொங்கும்.

அப்பா அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் வரைகிறவர். எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். புது மேசை எப்படி இருக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. மாமாவுக்கு அகலமான மேசை வேண்டும். பின்னால் ஒரு நேர்ச்சட்டம் இருந்தால், பலகையை அதில் அணைத்து ஒரே கோட்டில் துளை போடலாம். அப்பாவினது ஒடுக்கம். ஆனால் வேண்டிய பக்கம் சரிக்கலாம். நடுவில் நீளப் பள்ளமும் உண்டு.

“நீளப் பலகை வந்தா உங்கட மேசையில நிக்காது, அத்தான்.”

“குழாய் வந்தா உன்ரயில உருளுமே, அதுக்கு என்ன செய்யப்போறாய்?”

பலகையில் ஆளுக்கொன்று செய்து, மாறிமாறிப் பூட்டிப் பார்த்தார்கள். எட்டு வயதுக்காரியான நான்தான் நடுவர். அம்மாவின் அந்தூரியச் செடிகளுக்குத் தண்ணீர் சொட்டவிட, அப்பா நான்கு இரும்புக் குழாய்களில் வரிசையாகத் துளை போட்டுக் காட்டினார். தீர்ப்பை அவருக்கே கொடுத்தேன்.

அடுத்த வாரம் பொலிஸ் ஜீப் வந்தது. தமிழ் வீட்டில் இரும்பில் என்னவோ செய்கிறார்கள் என்று, மெசின் சத்தத்தைக் கேட்டு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் கந்தோர்ச் சிங்களம் அன்று தடுமாறியது. அலுமாரி செய்யப் பலகையில் துளை போடுகிறேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தன் மேசையின் பெருமையைச் சொல்ல மறந்துவிட்டாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய என் சிங்களம் சுத்தமானது. முன்னால் போய் நின்று, இரும்புக் குழாயிலும் அப்பா துளை போடுவார், இந்தப் பள்ளத்தில் வைத்தால் அசையவே அசையாது என்று விளக்கினேன்.

அதிகாரி குனிந்து, “எந்தக் குழாய், மகள்?” என்று அன்பாகக் கேட்டார். அந்தூரியப் பாத்திக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு குழாயைப் பிடுங்கி எடுத்துக்கொண்டார்கள். அப்பாவையும்.

பொலிசுக்கும் ஒரு மேசை செய்துகொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்து ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். “அப்பா, மேசைப் படம் கீறின கொப்பியை விட்டிட்டுப் போறீங்கள்!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வீட்டுச் சிங்கள டீச்சர் மாமாவோடு தினமும் பொலிசுக்குப் போய், இந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அப்பாவை விட்டார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் வந்தார். ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. அம்மா வழக்கம்போல எனக்குத் தலை பின்னிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் மேசையைக் கழற்றி விறகாகக் கொத்தினார். மாமாவின் மேசையைத் தானே பூட்டினார். நான் கைதட்டினேன். “மாமா வெண்டிட்டார்!”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். தோற்றதை அப்பாவே ஒத்துக்கொண்ட பிறகும் அவருக்கு இன்னும் என்ன கோபம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.