மகனுக்குச் சமைத்த மெக்சிக்கோக் காலை உணவு

ஜெர்மனியின் ஆஹென் நகரில் இருக்கும் என் மகன் என்னைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். அவன் தகப்பன் காலமான பிறகு எனக்கு மறதி கூடிவிட்டதாம்.

"பழகின சோறு கறி ஆரும் சமைப்பினம் அம்மா. புதுசா ஒண்டைப் பிழையில்லாமல் செய்து காட்டுங்கோ, பிறகு நான் வாயே திறக்கமாட்டன்" என்று போன கிழமை சொன்னான்.

அதனால் இன்று விடியவே எழுந்து மெக்சிக்கோக் காலை உணவு செய்தேன். இரவே ஊறவைத்த கறுப்பு பீன்ஸை அவித்து மசித்தேன். சோள ரொட்டி சுட்டு, அதன்மேல் பொரித்த முட்டை வைத்து, தக்காளியும் மிளகாயும் அரைத்துக் காய்ச்சிய குழம்பை ஊற்றினேன். பக்கத்தில் காரமான பன்றி இறைச்சி சொசேஜ். இரண்டு மணி நேரம் நின்றதில் கால் விறைத்துவிட்டது.

வேலையில் உர்லாப், அதுதான் லீவு, எடுத்து வந்தவன் இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

"உப்பும் அளவு, உறைப்பும் அளவு. உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை. சரி, இஞ்சயே இருங்கோ."

"அதைத்தானே நான் எப்பவும் சொல்லுறன்" என்றேன்.

அவன் போன பின் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், சுவரில் தேவாலயக் கலண்டர். இன்று வெள்ளிக்கிழமை. அதுவும் தவக்காலத்து வெள்ளி, கத்தோலிக்கர் இறைச்சி சாப்பிடாத நாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்த நாளிலிருந்து இந்த நாளில் நான் இறைச்சி தொட்டதேயில்லை.

கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

நாளை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். சுவாமியாரிடம் சொல்வேன், மகனிடம் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அவனும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். ஐம்பது வயதில் அவனும்தான் இந்த வெள்ளியை மறந்தான். அவனை இனி யார் வீட்டோடு வைத்துப் பார்ப்பது?