கண்ணூறுக்கு மாட்டிய முகமூடி

ஓக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மனிதர் சாம்பியாவில் பல வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்தவர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் சாம்பியாவில் படிப்பித்தவள்தான். ஆனால் ஆபிரிக்காவைப் பற்றிக் கதைக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்பது அவர் எண்ணம். அங்கே ஆசிரியர் குவார்ட்டர்ஸை விட்டு அவர் சந்தையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

அவர் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு மர முகமூடி தொங்கியது. கண்ணூறு படாமல் இருக்கவாம். வெள்ளிக்கிழமைகளில் மனைவி அதன் நெற்றியில் திருநீறு வேறு பூசுவாள். யார் வந்தாலும் அவர், "காட்டுப் பெடியளைப் பயப்படுத்திற பேய் இது" என்று தொடங்கிவிடுவார். வடையைக் கடித்தபடி தலையாட்ட ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது.

அது பேயே அல்ல. சாம்பியாவின் லுவாலே மக்களுடைய பெண் முகமூடி, இறந்துபோன ஒரு தாயின் முகம். என்னோடு படிப்பித்த லுவாலே ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையன்களுக்குச் சுன்னத்து செய்து ஊருக்கு வெளியே முகாமில் வைத்திருக்கும் காலத்தில், முன்னோர்கள் முகமூடிகளாகத் திரும்பி வந்து அவர்களைக் காப்பார்களாம். உடம்பைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி எல்லாம் அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். முகமூடிக்குள் இருப்பது மனிதன்தான் என்பதையும் அப்போதுதான் காட்டுவார்கள். பெண்களுக்கு அது தெரியக்கூடாதாம். "எங்களுக்கும் தெரியும், ஆனால் தெரியாதமாதிரி இருப்போம்" என்று சிரித்தாள் அவள். வேலை முடிந்தபின் முகமூடியை எரித்துவிடுவதும் உண்டு. நம்முடைய கனவான் வைத்திருந்தது யாரும் போட்டு ஆடாத சந்தைச் சரக்கு. பழசாகத் தெரியச் சப்பாத்துப் பொலிஷ் பூசியிருந்தார்கள். கிட்டப் போனால் மணக்கும்.

இந்த மனிதர்தான் மகள் பெரியபிள்ளையானதும் சாமத்தியச் சடங்கு வைத்தார். வாடகைக்கு ஹோல் எடுத்து, கார்ட் அடித்து, வீடியோக்காரனைப் பிடித்து, மகளின் வகுப்பு ஆசிரியை வரைக்கும் அழைப்பு. ஹோல் வேண்டாம் என்று பிள்ளை அழுததைத் தாயே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். நாலு சனம் பார்க்காவிட்டால் என்ன சடங்கு என்றாள்.

அன்று காலை பிள்ளையைச் சோடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சேலை கட்டிக்கொள்ள வந்த வகுப்பு ஆசிரியையை முன்னறையில் பிடித்து வைத்து, தகப்பன் முகமூடியைக் காட்டி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டால் அந்தக் காட்டுமிராண்டிகள் அதைப் பாடாய்ப் படுத்துவார்களாம். அதைக் கேட்டபடியே உள்ளே அவருடைய மகளின் தலையில் நான் நகைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாரம் தாங்காமல் கழுத்து சரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே பையன்களை உண்மையில் என்ன செய்வார்கள் என்று பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாள். என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கும் என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள் என்றேன்.

எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"அன்ரி, எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ரத்தத்தைப் பாத்திட்டு நான் சாகப்போறன் எண்டு நினைச்சன்."

தாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வீடியோக்காரன் வந்துவிட்டான், பிள்ளையைச் சிரிக்கச் சொல்லுங்கோ என்றாள். அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திப் பூட்டினேன். நகைகளைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.